குறைமாதக் குழந்தைக்காகப் பால் பீய்ச்சும் அம்மாக்கள்: கண்ணாடிக் கதவுக்கு வெளியே நடக்கும் உழைப்பு

இரவு 2 மணி. மகப்பேறு வார்டில் மற்ற கட்டில்களில் குழந்தைகள் அம்மாவை ஒட்டிப் படுத்திருக்கின்றன. ஒரு கட்டிலில் மட்டும் குழந்தை இல்லை. அந்தத் தாய் தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்து, எவர்சில்வர் கிண்ணத்தில் பால் பீய்ச்சுகிறார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணத்தின் அடி நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை மூடி, பெயர் எழுதி, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். மறுபடியும் 5 மணிக்கு இதே வேலை.

தமிழ்நாட்டின் எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனாலும் இப்படி ஒரு தாயைப் பார்க்கலாம். தாய்ப்பால் வாரத்துக்கு ஒட்டப்படும் சுவரொட்டிகளில் கொழுகொழு குழந்தை அம்மா மடியில் பால் குடிக்கும். பெற்ற குழந்தையை இன்னும் தூக்கிக்கூடப் பார்க்காமல், அதற்காகப் பால் மட்டும் எடுத்துக் கொடுக்கும் அம்மாக்களை அந்தப் படங்களில் காண முடியாது. அவர்கள் காதில் அதிகம் விழுவது ஒரே கேள்விதான்: "பால் வந்துச்சா?"

பால் வருவதும் வராததும் அந்தப் பெண்ணின் உடம்பை மட்டும் பொறுத்த விஷயமா? குழந்தை பிறந்த முதல் சில மணி நேரத்தில் மருத்துவமனை என்ன செய்கிறது, வீட்டார் என்ன பேசுகிறார்கள் என்பதற்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது.

எத்தனை குழந்தைகள் இப்படிப் பிறக்கின்றன?

கர்ப்பத்தின் 37 வாரங்கள் முடிவதற்குள் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இந்தியாவில் பிறந்தவை. எண்ணிக்கையில் இந்தியாவுக்குத்தான் முதலிடம்.

"ஏழு மாசத்துல பொறந்தா தங்கும், எட்டு மாசத்துல பொறந்தா தங்காது" என்று கிராமங்களில் இன்றும் சொல்வார்கள். இது உண்மையல்ல. கருப்பையில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஏழு மாதக் குழந்தையைவிட எட்டு மாதக் குழந்தையின் நுரையீரலும் குடலும் நன்றாகவே வளர்ந்திருக்கும்.

நேரடியாகப் பால் கொடுக்க முடியாதா?

பால் குடிப்பது நமக்குச் சாதாரணமாகத் தெரியலாம். குழந்தைக்கு அது மூன்று வேலைகள் சேர்ந்த காரியம். உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றும் ஒத்துப்போகும் திறன் பொதுவாக 34 வாரங்களை ஒட்டித்தான் கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தை மார்பில் வாய் வைத்தாலும், வயிறு நிறையக் குடிக்கும் தெம்பு அதற்கு இருக்காது. மூச்சுக் குழாயில் பால் போய்விடும் ஆபத்தும் உண்டு.

அதனால் மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குள் மெல்லிய குழாய் செலுத்தி, அதில் பால் விடுகிறார்கள். கொஞ்சம் தேறியதும் பாலாடை. நம் பாட்டிமார்கள் சங்கு என்று சொல்லிப் பயன்படுத்திய, மூக்கு நீண்ட அதே சிறு கிண்ணம்தான். இந்தியக் குழந்தை மருத்துவப் பாடநூல்கள் ஆங்கிலத்திலும் அதைப் 'பாலாடை' என்றே எழுதுகின்றன. குழாயோ பாலாடையோ, அதற்குள் போகும் பால் அம்மாவிடமிருந்து வந்தாக வேண்டும். பீய்ச்சும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பவுடர் பால் கொடுத்தால் என்ன?

குறைமாதக் குழந்தையின் குடல் சுவர் மிக மெல்லியது. அது வீங்கி அழுகிப்போகும் ஒரு நோய் இந்தக் குழந்தைகளைத் தாக்குவதுண்டு. குடல் அழற்சி நோய் என்று மருத்துவர்கள் சொல்லும் இது உயிரையே பறிக்கக்கூடியது. பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு வருவதைவிட, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இது கணிசமாகக் குறைவாகவே வருகிறது. ரத்தத்தில் கிருமி பரவும் ஆபத்தும் தாய்ப்பாலால் குறைகிறது.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில், நிறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் இருப்பதைவிட முதல் சில வாரங்களுக்குப் புரதம் கூடுதலாக இருக்கிறது.

எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்குத் தாய்ப்பாலில் ஒரு சத்துப் பொடியையும் மருத்துவர்கள் கலப்பதுண்டு. "எம் பாலுல சத்து இல்லைன்னுதானே கலக்குறாங்க" என்று பல தாய்மார்கள் கலங்கிப்போகிறார்கள். அப்படி அர்த்தமில்லை. கருப்பையில் கிடைத்திருக்க வேண்டிய கால்சியம், புரதம் போன்றவற்றை ஈடுகட்டத்தான் அந்தப் பொடி.

அதே சமயம், பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, தேன் தடவுவது எதுவும் கூடாது. நிறைமாதக் குழந்தைக்கே தேவையில்லாதது, குறைமாதக் குழந்தைக்குப் பெரும் ஆபத்து.

முதல் நாளில் எவ்வளவு பால் வரும்?

தாய்மார்கள் அதிகம் உடைந்துபோவது இந்த இடத்தில்தான். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அரை மணி நேரம் பீய்ச்சி 1 மி.லி. கிடைத்தாலும் அது சரியான அளவே.

குழந்தையின் கணக்கையும் பார்க்க வேண்டும். 1 கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு முதலில் குடலைப் பழக்குவதற்காக மட்டும் பால் கொடுப்பார்கள். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே 10 முதல் 20 மி.லி. போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் ஒரு வேளைக்கு 1 அல்லது 2 மி.லி. தான். அதுவும் முடியாத நிலையில் இருக்கும் குழந்தைக்குச் சீம்பாலை ஊசிக்குழலில் எடுத்து, கன்னத்தின் உட்புறம் ஓரிரு சொட்டு தடவுகிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி அந்த வழியாகவும் சேரும் என்பதற்காக.

குழந்தை முழு அளவு பாலுக்கு வரும்போதும், 1 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 150 மி.லி. அளவில்தான் தேவைப்படும். ஒரு டம்ளர் பால் என்று வைத்துக்கொள்ளலாம். கிண்ணத்தின் அடியில் இருக்கும் அந்த மஞ்சள் நனைவைக் கழுவிக் கொட்டிவிட்டு, "இன்னும் பால் ஊறல" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கான முதல் மருந்தைத்தான் கொட்டுகிறார்கள்.

ஏன் சிலருக்குத் தாமதமாகிறது?

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடலில் சில ஹார்மோன்கள் சட்டென்று குறைகின்றன. அதன்பின் 2 முதல் 4 நாட்களுக்குள் பால் பெருகத் தொடங்கும். குறைப்பிரசவம், சிசேரியன், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், அதிக ரத்தப்போக்கு இருந்தால் இது தள்ளிப்போகலாம். குறைமாதத்தில் பெற்ற பல தாய்மார்களுக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

இதற்கு மேல் பால் சுரப்பது தேவையைப் பொறுத்தது. மார்பிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு மறுபடி ஊறும். வாய் வைத்து இழுக்கக் குழந்தை பக்கத்தில் இல்லாதபோது, அந்த வேலையைக் கையோ பம்போ செய்தாக வேண்டும். குழந்தை பிறந்த முதல் 6 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் ஓரிரு மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. பிறகு ஒரு நாளைக்கு 8 முதல் 10 முறை. அதில் இரவு ஒரு முறையாவது கட்டாயம். பாலைச் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகமாக இருக்கும்.

நடைமுறையில் என்ன ஆகிறது? குழந்தை ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடும். அம்மா சிசேரியன் முடிந்து வேறு ஊர் மருத்துவமனையில் படுத்திருப்பார். "குழந்தைதான் இங்க இல்லையே, ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அன்போடு விட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் குழந்தையைப் பார்க்கப் போகும்போதுதான் "பால் கொண்டு வந்தீங்களா?" என்ற கேள்வி வரும். அதற்குள் மிக முக்கியமான நேரம் கடந்துபோயிருக்கும். அந்தத் தாய்க்குப் "பால் இல்லாதவ" என்ற பெயரும் வந்துவிடும். முதல் நாளே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்காது.

எப்படிப் பீய்ச்ச வேண்டும்?

முதல் சில நாட்களுக்குக் கையே சிறந்தது. சீம்பால் கெட்டியாக இருப்பதால் பம்பின் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கொதிக்க வைத்துச் சுத்தப்படுத்திய வாயகன்ற கிண்ணம் வேண்டும். வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, மார்பை மென்மையாகத் தடவிவிட வேண்டும். பிறகு கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயுமாக, காம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளிப் பிடிக்க வேண்டும். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்நோக்கி அழுத்தி, அடுத்து விரல்களைச் சேர்த்து அழுத்தி, விட வேண்டும். அழுத்துவது, விடுவது என்று ஒரே சீராகச் செய்து, விரல்களைச் சுற்றிலும் நகர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். காம்பை மட்டும் பிடித்து இழுக்கக் கூடாது. வலித்தால் பிடி தவறு என்று அர்த்தம்.

பால் பெருகிய பின் பம்ப் உதவும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சாரப் பம்ப் சில மருத்துவமனைகளில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பாகங்களைக் கழுவிச் சுத்தப்படுத்துவது முக்கியம்.

எடுத்த பாலை அறையில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது பாதுகாப்பு. நம் ஊர் வெயிலில் அதற்கு முன்பே குளிர்பதனப் பெட்டிக்குப் போய்விடுவது நல்லது. மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கென்றால் அதில் பொதுவாக 24 மணி நேரம் வரை வைப்பார்கள். கதவுப் பக்கம் வைக்காமல் உட்புறம் வைக்க வேண்டும். பெயரும் தேதியும் நேரமும் எழுதுவது கட்டாயம். வீட்டிலிருந்து கொண்டுபோகும்போது ஐஸ் பேக் வைத்த பெட்டி வேண்டும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தாலே போதும்.

உடம்பு வலியைவிடப் பெரிய வலி

'கறக்குறது' என்ற சொல்லே பல தாய்மார்களைச் சுடுகிறது. மாட்டுக்குச் சொல்லும் சொல் அது. திரை இல்லாத வார்டில், பார்வையாளர் நேரத்தில், சேலைத் தலைப்பை வாயில் கவ்விப் பிடித்துக்கொண்டு பால் எடுக்கும் பெண்ணுக்கு அது இன்னும் உறைக்கும்.

பாலைக் காம்பு வரை தள்ளிக்கொண்டு வரும் ஹார்மோன் ஒன்று உண்டு. வலி, பயம், கூச்சம், பதற்றம் எல்லாம் அதைத் தடுக்கும். பக்கத்துக் கட்டில்காரர் 40 மி.லி. எடுத்திருக்க, தன் கிண்ணத்தில் 5 மி.லி. இருந்தால் மனம் பதறும். பதறினால் பால் இறங்காது. பால் இறங்கவில்லையே என்று இன்னும் பதறும். "எவ்ளோ வந்துச்சு? இவ்ளோதானா?" என்று வெளியிலிருந்து கேட்பவர்கள் இந்தச் சுழலை இன்னும் வேகமாகச் சுற்றி விடுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாவற்றையும் நர்ஸும் டாக்டரும் செய்யும் இடத்தில், அம்மாவாகத் தான் செய்ய முடிந்த ஒரே காரியம் இதுதான் என்று பல தாய்மார்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வரும்போது மனதுக்குக் கிடைக்கும் சின்ன நிம்மதி அது. பால் குறையும் நாளில் அதே நிம்மதி குற்ற உணர்ச்சியாக மாறிவிடுகிறது. "என் வயித்துலதான் முழுசா வளரல, பாலும் இல்லையே" என்று அழுவார்கள்.

சில குழந்தைகள் பிழைப்பதில்லை. அது உடம்புக்குத் தெரியாது. குழந்தை போன பிறகும் பால் சுரக்கும், மார்பு கட்டும், ரவிக்கை நனையும். அந்த நேரத்தில் துணியால் இறுக்கிக் கட்டுவது வீக்கத்தையும் சீழ்க்கட்டியையும் கொண்டு வரலாம். வலி குறையும் அளவுக்கு மட்டும் பாலை எடுத்துவிட்டு, எடுக்கும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வந்தால் பால் தானாக நின்றுவிடும். குளிர்ந்த ஒத்தடம் உதவும். இதை அந்தத் தாயிடம் யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே: கங்காரு பராமரிப்பு

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் போனபோது, மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தைகளை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கத் தொடங்கினார். அதுவே கங்காரு பராமரிப்பு. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. குழந்தையின் நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்தவுடனே இப்படி வைத்தபோது இறப்பு 25 சதவீதம் குறைந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும், முடிந்தவரை சீக்கிரம் தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யப் பரிந்துரைத்தது.

குழந்தையின் தோல் நெஞ்சில் பட்டால் பால் சுரப்பும் கூடும். கங்காருவாக வைத்திருந்து இறக்கிய கையோடு பால் எடுத்தால் அளவில் வித்தியாசம் தெரியும். உள்ளே விட முடியாத நேரத்தில் குழந்தையின் போட்டோவைப் பார்த்துக்கொண்டோ, அதன் மேல் கிடந்த துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டோ எடுப்பதும் உதவும்.

பிறந்த குழந்தையின் பராமரிப்பில் குடும்பத்தாரையும் சேர்ப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் வெளியிட்டது. கை கழுவி, கவுன் அணிந்து பெற்றோர் உள்ளே போகலாம் என்கிறது அது. கதவில் நின்று எட்டிப் பார்க்க மட்டுமே விடும் இடங்களில், பெற்றோர் இதைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை.

பால் போதவில்லை என்றால்?

அடுத்த வழி, தானமாக வந்த தாய்ப்பால். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியால் தொடங்கியது. தமிழ்நாட்டில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட வங்கிகள் உள்ளன.

"யாரு பாலோ, எப்படிக் குடுக்கறது?" என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதுண்டு. தானம் தரும் தாய்க்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிஃபிலிஸ் பரிசோதனை உண்டு. பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடங்கள் சூடாக்கி, கிருமி இல்லை என்று உறுதி செய்த பிறகே கொடுப்பார்கள். இந்தச் சூட்டில் பாலின் சில நல்ல குணங்கள் குறையும். அதனால் சொந்தத் தாயின் பாலுக்கே முதலிடம், வங்கிப் பால் அதற்குத் துணை. தாய்ப்பாலை விற்பது கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் எச்சரித்தது. ஆன்லைனில் காசுக்கு வாங்குவதும், பரிசோதனை இல்லாமல் தெரிந்தவரிடம் வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து.

வீட்டார் என்ன செய்யலாம்?

அம்மா டிஸ்சார்ஜ் ஆகி, குழந்தை மட்டும் வாரக்கணக்கில் உள்ளே இருக்கும் நாட்கள்தான் கடினம். தினமும் பஸ் ஏறி வர வேண்டும், வந்தால் உட்கார இடம் வேண்டும். கணவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கிண்ணம் கழுவிக் கொதிக்க வைக்கலாம், இரவு அலாரம் வைத்துக் கூடவே எழுந்திருக்கலாம், பாலைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், கங்காருவாகக் குழந்தையைத் தன் நெஞ்சிலும் வைத்துக்கொள்ளலாம்.

பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைக்கக் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர், மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பாடு போதும். சுறாப் புட்டும் பூண்டும் முருங்கைக்கீரையும் பிடித்தால் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அடிக்கடி பால் எடுப்பதற்கு அவை ஈடாகாது. மார்பு சிவந்து, கல்லாகி, காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பால் எடுப்பதை நிறுத்தக் கூடாது.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு தகவல். குறைப்பிரசவத்தால் தாய்க்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டால், வழக்கமான 26 வார மகப்பேறு விடுப்போடு ஒரு மாதம் வரை ஊதியத்துடன் கூடுதல் விடுப்பு பெறச் சட்டத்தில் இடம் உண்டு. மருத்துவச் சான்று வேண்டும்.

குழாயிலிருந்து பாலாடைக்கும், பாலாடையிலிருந்து மார்புக்கும் குழந்தை வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். முதல் முறை வாய் வைக்கும்போது இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடும். அதுவும் முன்னேற்றம்தான். அதுவரை கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் "எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்பதற்குப் பதிலாக "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கலாம்.